மாப்பிள்ளை, அது மூக்கையும் கொஞ்சம் பாருங்க

மாப்பிள்ளை, கோவிச்சுக்கிடாதீக. பொண்ணைக் கொடுத்த வீட்டுல வந்து உக்காந்து, அவுக போட்டுக் கொடுக்குற காப்பியைக் குடிச்சுக்கிட்டே அவுகளுக்கே புத்தி சொல்றது மரியாதை இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தக் கூண்டுக்குள்ள இருக்குற ரெண்டு சீவனுக்கும் பேச வாய் இல்லை. எனக்கு இருக்கு, கொஞ்சம் கூடுதலாவே இருக்கு. அதான் பேசுறேன்.

பேத்தி பிறந்தநாளைக்குப் பொம்மை வாங்கிட்டு வாரேன்னு போனவுக, கினிபிக் ரெண்டை வாங்கிட்டு வந்தீக. ஒண்ணு பேரு பர்ஃபி, ஒண்ணு பேரு ஜிலேபி. நல்ல காரியம். ஒத்தையா வாங்காம சோடியா வாங்கினீக பாருங்க, அங்கேயே உங்களுக்குப் பாதி மார்க் போட்டுட்டேன். மீதிப் பாதி எங்க போச்சுன்னா, கூண்டைக் கொண்டுபோய் பால்கனியில வச்ச இடத்துல போச்சு. அதுவும் எந்தப் பால்கனி? டெல்லி காசிப்பூர் குப்பைமலை தெரியுற பால்கனி!

அந்த மலையோட சாதகத்தை என் மக எனக்குச் சொல்லியிருக்கா. 1984-ல கொட்ட ஆரம்பிச்சது, 2002-லயே நிறைஞ்சு போச்சாம். நிறைஞ்ச பிறகும் யாரும் நிறுத்தலை. 2017 செப்டம்பர்ல ஒரு பக்கம் சரிஞ்சு ரெண்டு உசுரைக் கொண்டுபோச்சு. 2022 மார்ச்சுல தீப்பிடிச்சுது, 2024 ஏப்ரல்ல மறுபடி பிடிச்சுது. அதுபோக இந்த ஊர்க் காத்துக்கு ஒரு மார்க் போடுறாகளே, ஏக்யூஐன்னு, அது 2024 நவம்பர் 18-ஆம் தேதி 494. ஐந்நூறுக்கு 494! உங்க மக கணக்குப் பாடத்துல இன்னும் அந்த அளவுக்கு வரலை. அப்படிக் காத்து அடிக்கிற நாள்ல நீங்க என்ன செய்றீக? சன்னலைச் சாத்தி, படுக்கையறையில பியூரிஃபையரைப் போட்டு, போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு 'டெல்லியில மனுஷன் வாழ முடியாது'ன்னு போன்ல எழுதுறீக. பால்கனியில இருக்குற ரெண்டும் மனுஷன் இல்லை, அதனால வாழ்ந்துக்கும்னு கணக்கு போல.

இன்னொண்ணையும் சொல்லிப்புடுறேன். நான் சொல்லப்போறதுல முக்கால்வாசி என் மக உங்ககிட்ட ஏற்கெனவே சொன்னதுதான். அவ உயிரியல் டீச்சரு. ஆனா பொண்டாட்டி சொன்னா நச்சரிப்பு, அதையே மாமனார் மீசையைத் தடவிக்கிட்டுச் சொன்னா அனுபவம். என்ன செய்ய, அவளுக்கு மீசை இல்லை. மீதிக் கால்வாசிக்கு நான் பொறுப்பு. கால்நடை ஆஸ்பத்திரியில டாக்டரு ஊசி போட ஆட்டுக் காலைப் பிடிச்சுக் கொடுத்தே பென்சனுக்கு வந்தவன் நான்.

ஆடுன்னா சளி பிடிச்சாச் செருமும், மந்தையில பின்தங்கும். மேய்க்கிறவன் தூங்கினாலொழியக் கண்டுபிடிச்சிரலாம். இந்தக் கினிபிக் இருக்கே, இது பெரிய அழுத்தக்காரன். பூர்வீகம் தென்னமெரிக்காவுல ஆண்டீஸ் மலைப்பக்கம். பருந்துக்கும் நரிக்கும் இரையாக் கிடந்த சாதி. கூட்டத்துல எவன் சோந்து தெரியுறானோ அவனைத்தான் பருந்து முதல்ல தூக்கும். அதனால சீக்கை வெளியில காட்டுறதில்லைன்னு அது தலைமுறை தலைமுறையா வைராக்கியமா இருக்கு. உடம்புக்கு நல்லா இருக்குறப்பவே முடியலைன்னு ஆபீசுக்கு மெயில் அனுப்புற ஆள் நீங்க. உடம்புக்கு முடியாதப்ப நல்லா இருக்கேன்னு நடிக்கிற ஆள் அது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கீக, விதி.

2021 சனவரி ஞாபகம் இருக்கா? இதே மயூர் விஹார் ஃபேஸ் 3 பார்க்குல காக்கா செத்துச் செத்து விழுந்துச்சு. அந்தாண்ட சஞ்சய் ஏரியில வாத்து செத்துச்சு. சாம்பிள் எடுத்து போபாலுக்கு அனுப்பினாக. பறவைக் காய்ச்சல்னு முடிவு வந்துச்சு. காசிப்பூர் கோழி மண்டியையும் கொஞ்ச நாள் மூடி வச்சாக. விழுந்த பிறகு டிவிக்காரன் வரைக்கும் எல்லாரும் வந்து பார்த்தாச்சு. விழுறதுக்கு மொத நாள் அது எந்தக் கிளையில றெக்கையைத் தொங்கப்போட்டு உக்காந்திருந்துச்சுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. காக்கா ஊருக்குப் பொது, விடுங்க. ஆனா பர்ஃபியும் ஜிலேபியும் நீங்க காசு கொடுத்து வாங்கினது.

போன வாரம் நடந்ததைச் சொல்லவா? ஜிலேபி உக்காந்து முன்னங்காலால மூஞ்சியைக் கழுவிச்சு. கண்ணுலயிருந்து பால் மாதிரி வெள்ளையா ஒரு சொட்டு வந்துச்சு. நீங்க 'கண்ணு போச்சு, கண்ணு போச்சு'ன்னு வீட்டையே ரெண்டாக்கினீக. அது அதோட சோப்புத் தண்ணி, மாப்பிள்ளை. மூஞ்சி கழுவ அதுக்குச் சாமி கொடுத்தது; தடவிக் கழுவிட்டா மறைஞ்சு போகும். அதே வாரம் பர்ஃபி விடாமத் தும்மிக்கிட்டே கிடந்துச்சு. அதுக்கு என்ன செஞ்சீக? 'சோ க்யூட்'னு வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்புல போட்டீக. சின்னத்தா மொதக்கொண்டு பதினாலு பேரு சிரிப்பு பொம்மை அனுப்பினாக. கழுவுனதுக்கு அழுதீக, தும்முனதுக்குச் சிரிச்சீக.

ஒத்தைத் தும்மல் ஒண்ணுமில்லை. புது வைக்கோல் கட்டைப் பிரிச்சா தூசிக்கு ஒரு தும்மல், ரெண்டு தும்மல் போடத்தான் செய்யும். நிக்காமத் தும்மினா, கூடவே மூக்கு ஓரம் ஈரமோ காஞ்ச பொருக்கோ தெரிஞ்சா, கண்ணு ஓரம் பீளை கட்டினா, அப்ப சிரிக்கக் கூடாது. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மூக்கு சில நேரம் சுத்தமாத்தான் தெரியும். ஏன்னா அது முன்னங்காலால துடைச்சுத் துடைச்சு விட்டிரும். அதனால காலைத் தூக்கி உள்பக்க மயிரைப் பாருங்க. அங்க மயிரு பிசுபிசுன்னு ஒட்டிக் கிடந்தா திருடன் பிடிபட்டான்.

அப்புறம் அந்தக் கொத்தமல்லிச் சத்தம். காய்க்காரன்கிட்ட ஓசியில வாங்குற கொத்தமல்லிக் கட்டை எடுக்க பிளாஸ்டிக் பையைச் சரசரன்னு பிரிச்சா, அடுத்த அறையிலயிருந்து ரெண்டும் வீக் வீக்னு ஊரைக் கூட்டுதே, அதுதான் உங்களுக்குத் தினசரி ரிப்போர்ட். என்னைக்கு ஒண்ணு மட்டும் கத்திட்டு இன்னொண்ணு மூலையில மயிரைச் சிலுப்பிக்கிட்டு, முதுகைக் கூனி உக்காந்திருக்கோ, அன்னைக்கு ஆபீஸ் மீட்டிங் கொஞ்சம் காத்துக்கிட்டு நிக்கட்டும். தீனிகிட்ட போய் மோந்து பாத்துட்டுத் திரும்பினாலும் அதே கணக்குதான். தின்னுச்சுன்னு நம்பிராதீக, கொறைஞ்சிருக்கான்னு தட்டைப் பாருங்க. இந்தச் சாதி அரைநாள் தின்னாமக் கிடந்தாலே வயித்துக்குள்ள ஓட்டம் நின்னு போகும். சளியில தப்பிச்சது வயித்துல மாட்டிக்கிடும்.

மூச்சை எண்ணத் தெரியுமா? சும்மா உக்காந்திருக்குறப்ப விலாவைப் பாத்து கால் நிமிஷம் எண்ணி நாலால பெருக்குங்க. நிமிஷத்துக்கு 40-லயிருந்து 100 வரைக்கும் இருந்தா சரி. மனுஷக் கணக்கை வச்சுப் பாத்தா பயந்து போவீக, அதான் இப்பமே சொல்றேன். நல்லா இருக்குற நாள்லயே ரெண்டு மூணு தரம் எண்ணி வச்சுக்கங்க. அப்பத்தான் வித்தியாசம் தெரியும். அப்புறம் தூக்கி நெஞ்சைக் காதோரம் வைங்க. நல்ல மூச்சுக்குச் சத்தம் கிடையாது. க்ளிக் க்ளிக்னோ, கரகரன்னோ கேட்டா உள்ள சளி ஏறியிருக்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா ரெண்டும் கொல்லன் துருத்தி மாதிரி ஏறி இறங்கினா நேரம் ரொம்பக் கம்மி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினா எண்ணிக்கிட்டு உக்காராதீக, சாவியை எடுங்க. மூக்கால மட்டுமே மூச்சு விடுற பிறவி அது. வாயைத் திறந்திருச்சுன்னா வேற வழியே இல்லாமப் போச்சுன்னு அர்த்தம். ஈறும் உதடும் நீலம் பாரிச்சாலும் அப்படித்தான்.

அடுப்படியில உங்க அத்தை மாவு நிறுக்குற தராசு ஒண்ணு இருக்குல்ல, அதுல வாரம் ஒரு தரம் ரெண்டையும் நிறுத்து எழுதி வைங்க. அத்தை சத்தம் போடுவா. 'புதுத் தராசு மாப்பிள்ளை வாங்கித் தாராராம்'னு நான் சொல்லிக்கிடுறேன். கண்ணு ஏமாறும், மயிரு அடர்த்தியில மெலிவு தெரியாது, தராசு ஏமாறாது. முழுசா வளந்தது முக்கா கிலோவுலயிருந்து ஒரு கிலோ, கொஞ்சம் கூட நிக்கும். ஒரு வாரத்துல அம்பது கிராம் இறங்கினாலே ஏன்னு கேக்கணும்.

சரி, சளி எங்கயிருந்து வருது? கிருமிக்குப் பேரு என் மக சொன்னா, பார்டெடெல்லான்னு ஒண்ணு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒண்ணு. அந்தப் பார்டெடெல்லா நாய்க்கிட்டயும் முயல்கிட்டயும் ஒண்ணும் செய்யாம வாடகை கொடுக்காமக் குடியிருக்கும். அங்கயிருந்து கினிபிக்குக்கு வந்துச்சுன்னா நிமோனியாவுல கொண்டுபோய் விட்டிரும். நீங்க 'அடுத்த மாசம் துணைக்கு ஒரு முயல் வாங்கலாமா'ன்னு பேத்திகிட்ட ரகசியமாக் கேட்டது எனக்குத் தெரியும். வேண்டாம். எதிர்வீட்டு நாயையும் கூண்டோரம் விடாதீக. புதுசா இன்னொரு கினிபிக் வந்தாலும் ரெண்டு மூணு வாரம் வேற அறையில வச்சுப் பாத்துட்டுச் சேருங்க. கடைக்காரன் 'ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்'னு சொல்லுவான். சொல்ல வேண்டியது அவன் தொழில்.

நம்ம சளியும் இதுக வரைக்கும் போகும். 1918-ல உலகத்தையே வாரிக்கிட்டுப் போன காய்ச்சல் இருக்கே, அப்ப அமெரிக்காவுல நியூ மெக்சிகோ பக்கம் ராணுவ முகாம் ஒண்ணுல, ஆய்வுக்கு வச்சிருந்த கினிபிக்குக நிமோனியாவுல செத்துச்சுன்னு ஒரு குறிப்பு இருந்துச்சாம். யாரும் சீந்தலை. ரொம்ப வருஷம் கழிச்சு அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நியூயார்க்குல பீட்டர் பலேசேன்னு ஒருத்தரோட ஆட்கள் கினிபிக்கை வச்சு ஆராய்ச்சி பண்ணி, குளுந்த காத்துலயும் காஞ்ச காத்துலயும் ஃப்ளு வைரஸ் சுளுவாப் பரவுதுன்னு 2007-ல எழுதினாக. ஆகையினால நீங்க மூக்கைச் சிந்திக்கிட்டுத் திரியுற நாள்ல கூண்டுப் பக்கம் போய்க் கொஞ்சாதீக. கொஞ்சித்தான் ஆகணும்னா மாஸ்க்கைப் போட்டுக்கங்க. கோவிட் காலத்துல வாங்கினது அலமாரியில பெட்டியோட இருக்கு.

நம்ம மெட்ராசுலயும் இதுகளுக்கு ஒரு கடன் இருக்கு. சேத்துப்பட்டுல 1956-ல காசநோய்க்குன்னு ஒரு மையம் ஆரம்பிச்சாகளே, அங்க நம்மூர் நோயாளிக சளியிலயிருந்து எடுத்த கிருமியை கினிபிக்குக்குப் போட்டுப் பாத்தாக. வெள்ளைக்கார நோயாளிகளோட கிருமியைவிட நம்மாளுக கிருமி பலது வீரியம் கம்மியா இருந்துச்சாம். கிருமி கூட நம்மூர்ல சாவகாசமாத்தான் வேலை பாத்திருக்கு. அதைக் கண்டுபிடிக்க உடம்பைக் கொடுத்தது யாரு? பர்ஃபியோட சொந்தக்காரன்.

இப்ப வீட்டுக்குள்ள வாங்க. பால்கனியில இருக்குற கூண்டை உள்ள கொண்டாங்க, அதுக்காக அடுப்படி வாசல்ல வைக்காதீக. மிளகாய் தாளிக்கிற நெடியில நாமளே இருமுறோம். வெள்ளிக்கிழமை உங்க அத்தை போடுற சாம்பிராணி இருக்கே, சாமிக்குத்தான் அது, கினிபிக்குக்கு இல்லை. ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், வாசனை ஸ்ப்ரே, ஃபினாயில் எல்லாமே அந்த அறைக்கு ஆகாது. சுருட்டுக்காரன் நானே மூணு மாடி இறங்கிப் போய் வாட்ச்மேன் பக்கத்துல நின்னு பத்த வைக்கிறேன். சனவரிக் குளிருல அந்த வாட்ச்மேன் அங்கீட்டின்னு கரியடுப்பைப் போடுவான்; உங்க சன்னல் நேரா அதுக்கு மேலதான் இருக்கு, அந்தச் சன்னலோரமும் வேண்டாம். பியூரிஃபையர்னு வாங்கியிருக்கீகளே, அதை அதுக இருக்குற அறைக்கு மாத்துங்க. நீங்களும் அங்கேயே பாயை விரிச்சுக்கங்க.

வெளிப்புகையைவிட மோசம் ஒண்ணு கூண்டுக்குள்ளயே இருக்கு. மூத்திரம். ஊறிக் கிடந்தா அமோனியா எழும்பும். நம்ம மூக்கு அஞ்சடி உயரத்துல இருக்கு. அது மூக்கு தரையோட தரையா. நமக்கு நாத்தம் தெரியுறப்ப அதுக்கு நெஞ்செரிஞ்சு நாளாச்சுன்னு அர்த்தம். ஈரமான இடத்தைத் தினமும் எடுத்துப் போடணும். கீழ விரிக்கத் தச்சுப்பட்டறையில சும்மாக் கிடைக்குதுன்னு மரச்சீவல் அள்ளிக்கிட்டு வந்தீக. பைன், தேவதாருச் சீவல்ல வர்ற வாசனை எண்ணெய் அதுகளுக்கு நெஞ்சை அறுக்கும், தூசி தனி. பழைய ஃப்ளீஸ் போர்வையை வெட்டி விரிச்சுத் துவைச்சுப் போட்டாப் போதும். வைக்கோலையும் பால்கனியில உதறிட்டுப் போடுங்க, பூஞ்சை வாடை அடிச்சா மாட்டுக்குக் கூடப் போடாதீக.

மே மாசம் வந்தா வேற கதை. 18-லயிருந்து 26 டிகிரி வரைக்கும் அதுகளுக்குச் சுகம். இங்க நாப்பத்தஞ்சு அடிக்குது. அனல் தாங்காமக் கால் பரப்பிப் படுத்து, எச்சி வடிய மூச்சு வாங்கினா அது சளி இல்லை, சூடு. காதுலயும் பாதத்துலயும் குளுந்த தண்ணியைத் தடவிக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடணும். ஐஸ் தண்ணியைக் கொட்டிராதீக. கூலருக்கு நேர் எதிரேயும் வேண்டாம், ஈரக் காத்து முகத்துல அடிச்சுக்கிட்டே இருந்தா அடுத்த சீக்கு அங்கயிருந்து வரும்.

வைத்தியத்துக்கு வருவோம். இதுலதான் எனக்குப் பயமே. உங்க அத்தை கற்பூரவல்லிக் கஷாயத்தோட நிப்பா, நீங்க விக்ஸ் டப்பாவோட நிப்பீக, உங்க தங்கச்சி போன்ல ஆவி பிடிக்கச் சொல்லும். மூணு பேரையும் வெளிய நிறுத்திக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கேன் பேத்திகிட்ட. அதைவிட மோசம் அந்த ஃபிரிட்ஜ் மேல கிடக்குற மாத்திரை அட்டை. போன தடவை உங்க தொண்டைவலிக்கு வாங்கி நாலோட நிறுத்திப்புட்டீகளே, அமாக்ஸிசிலின். 'அதுல கால்வாசியைப் பொடிச்சுக் கொடுத்தா என்ன'ன்னு கேட்டீக. கொடுத்தா சளி போகும், கூடவே அதுவும் போகும். பென்சிலின் வகை கினிபிக் வயித்துல இருக்குற நல்ல கிருமியைக் கொன்னு, கெட்டதை வளத்து, உசுரை எடுத்திரும். 1940-ல ஆக்ஸ்போர்டுல ஃப்ளோரின்னு ஒருத்தரோட ஆட்கள் பென்சிலினை முதல்ல சுண்டெலிகளுக்குப் போட்டுப் பாத்தாக, பொழைச்சுச்சு, உலகத்துக்கு மருந்து கிடைச்சுது. கினிபிக்குக்குப் போட்டிருந்தா விஷம்னு தூக்கி எறிஞ்சிருந்தாலும் இருந்திருப்பாக. இதுகளுக்குத் தாங்குற மருந்து வேற இருக்கு, அளவு வேற இருக்கு. அதைச் சொல்ல வேண்டியது டாக்டரு. அவர் இத்தனை நாள்னு சொன்னா, தும்மல் நின்னுருச்சேன்னு உங்க தொண்டைக்குச் செஞ்ச மாதிரி நாலோட நிறுத்தாதீக.

நீங்க கொடுக்க வேண்டிய மருந்து காய்க்கூடையிலயே இருக்கு. நம்மள மாதிரியே இதுக உடம்பும் வைட்டமின் சி-யைத் தானாச் செய்யாது. நார்வேக்காரர் ரெண்டு பேரு, ஹோல்ஸ்ட்டும் ஃப்ரோலிச்சும், 1907-லயே இதுகளை வச்சுத்தான் ஸ்கர்விக்குத் துப்புக் கண்டுபிடிச்சாக. சி இல்லைன்னா சளி உள்ள வரக் கதவு திறந்தாச்சுன்னு வைங்க. குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லி, கொஞ்சம் கொய்யா தினமும் போடுங்க. தண்ணிக் குப்பியில சொட்டு மருந்து விட்டா அதுக்குள்ளயே சத்துக் கெட்டுப் போகும். அந்தக் கலர் கலர் பாட்டிலைக் கடைக்காரனுக்கே திருப்பிக் கொடுங்க, வாங்க மாட்டான், ஆனா கொடுத்துப் பாருங்க.

டாக்டரை இப்பமே தேடி வைங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குத் தேடுனா இந்த ஊர்ல நாய் டாக்டர்தான் கிடைப்பாரு. அவர் கெட்டிக்காரராத்தான் இருப்பாரு, ஆனா கினிபிக்கை எத்தனை தரம் தொட்டிருப்பாருன்னு தெரியாது. நாலு இடத்துக்குப் போன் போட்டு, 'கினிபிக் பாப்பீகளா, எக்ஸ்ரே உண்டா, ஆக்சிசன் உண்டா'ன்னு கேட்டு நம்பரை ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க, அந்த மாத்திரை அட்டையை எடுத்துட்டு அந்த இடத்துலயே ஒட்டுங்க. மூக்குல பொருக்கு, தீனி குறைச்சல்னா அன்னைக்கே போகணும், நாளைக்குப் பாப்போம் கிடையாது. மூச்சு வாங்குறப்ப வாயில ஊசிக்குழல்ல எதையும் ஊத்தாதீக, நெஞ்சுக்குள்ள இறங்கிரும். நெஞ்சை அமுக்கித் தூக்கக் கூடாது, மல்லாக்கப் போடக் கூடாது. சின்னப் பெட்டியில துண்டை விரிச்சு, காத்துப் போக இடம் விட்டு மூடுங்க. சோடியையும் கூடவே வைங்க. ஒண்ணுக்கு வந்தது இன்னொண்ணுக்கு வந்திருக்கான்னு அவரே பாத்துச் சொல்லட்டும்.

பேத்தியையும் கூட்டிக்கிட்டுப் போங்க. எப்பயிருந்து தும்முது, கடைசியா எப்பத் தின்னுச்சு, புழுக்கை எப்படிப் போட்டுச்சு, போன வாரம் எடை எவ்வளவுன்னு டாக்டரு கேப்பாரு. நீங்க திருதிருன்னு முழிப்பீக. அவ சொல்லுவா. நீங்க வண்டியை ஓட்டுங்க, ஹாரன் அடிக்காம.